கடலுணவு பேக்ட் பாஸ்தா: திருகோணமலைக் குசினிக்கான கேள்வி பதில்கள்

பிறந்தநாள், பெருநாள், நத்தார், வெளிநாட்டுச் சொந்தக்காரர் வந்து நிற்கும் ஓகஸ்ட் லீவு என்று எந்தக் காரணம் வந்தாலும் இப்போது திருகோணமலை வீடுகளில் பேக்ட் பாஸ்தா ஒரு ட்ரே போடுகிறார்கள். கோழி போட்டால் பெரும்பாலும் சரிவரும். கடலுணவு போடும்போதுதான் சிக்கல். இறால் சுருண்டு இறுகிவிடும், கணவாயை மெல்ல முடியாது, ட்ரேயின் அடியில் தண்ணீர் நிற்கும், வாயில் சீஸ் மட்டும்தான் தெரியும். விடியற்காலையில் பிடித்த மீனைப் பத்து மணிக்கு வாங்கக்கூடிய ஊரில் இப்படி ஆகக்கூடாது. இதைச் செய்யத் தொடங்கும் எல்லோரும் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான்: இறால் ஓட்டின் சாறும் கணவாய் அவிந்த தண்ணீரும் சோஸுக்குள் போக வேண்டும். அவை போனால் சீஸ் பாதி போதும்.

6 பேருக்கு என்னென்ன, எவ்வளவு வேண்டும்?

23க்கு 33 சென்ரிமீற்றர் ட்ரே ஒன்றுக்கான கணக்கு இது. பாஸ்தா 350 கிராம். தலை, ஓட்டோடு இறால் 750 கிராம். உரித்தால் ஏறக்குறைய 400 கிராம் சதை வரும். முழுக் கணவாய் 350 கிராம். முள் இல்லாத மீன் 250 கிராம். சோஸுக்குப் பட்டர் 60 கிராம், கோதுமை மா 60 கிராம், பால் 600 மில்லிலீற்றர், இறால் ஓட்டுச் சாறு 350 மில்லிலீற்றர். சீஸ் 150 கிராம். பெரிய வெங்காயம் 1, உள்ளி 6 பல், பச்சை மிளகாய் 3, புதிதாக இடித்த மிளகு ஒன்றரைத் தேக்கரண்டி, தேசிக்காய் பாதி. மேலே தூவ 3 துண்டு பாணை உதிர்த்து, அதில் பிசற இன்னும் ஒரு மேசைக்கரண்டி பட்டர்.

மாவுக்கும் பட்டருக்கும் தராசு இல்லையென்றால், மா மட்டமாக ஏழரை மேசைக்கரண்டி, பட்டர் 4 மேசைக்கரண்டி. மற்றவற்றில் முன்பின் ஆனாலும் பரவாயில்லை. மா, பால், சாறு மூன்றின் விகிதத்தை மட்டும் மாற்றாதீர்கள்.

எந்தக் கடலுணவு வாங்குவது? எப்போது வாங்குவது?

இறால், கணவாய், ஒரு வெள்ளைச் சதை மீன் என்று மூன்றும் சேர்ந்தால் நன்றாக இருக்கும். மீன் என்றால் அறக்குளா, பாரை, கலவாய், கொடுவா எதுவும் சரி. அறக்குளா விலைதான், ஆனால் துண்டு உடையாமல் நிற்கும். விளைமீன் ருசியானது, முள்ளை எடுக்கப் பொறுமை இருந்தால் போடலாம். சூடை, நெத்தலி, கும்பளா வேண்டாம். அவற்றின் எண்ணெய் மணம் பால் சோஸோடு ஒத்துப்போகாது. அவற்றைக் குழம்புக்கும் பொரியலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

சூரை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சூரையை ஐஸ் இல்லாமல் வெயிலில் வைத்தால் அதில் ஹிஸ்டமின் சேரும். அதை எவ்வளவு சமைத்தாலும் அழிக்க முடியாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பு தடிக்கும். அதனால் சூரை போடுவதென்றால் ஐஸில் இருந்ததை, அன்றைக்கே வாங்கி அன்றைக்கே சமைத்தால்தான்.

காலம் என்று பார்த்தால், நம் பக்கக் கடல் சித்திரைக்குப் பிறகு அடங்கி, புரட்டாதி வரை பெரும்பாலும் சாதுவாக இருக்கும். நிலாவெளி, சாம்பல்தீவுப் பக்கம் கரைவலை இழுக்கும் நாட்களில் கரையிலேயே வாங்கலாம். ஆழ்கடல் மீனுக்குக் கொட்பே துறைமுகம். இறாலுக்கும் களி நண்டுக்கும் என் விருப்பம் கிண்ணியா, மூதூர்ப் பக்கம்தான். மகாவலி வந்து கொட்டியாரக் குடாவில் விழும் இடம் அது. நன்னீரும் உப்புநீரும் கலக்கும் தண்ணீரில் வளர்ந்த இறாலின் சதையில் ஒரு இனிப்பு இருக்கும்.

இறால் வாங்கும்போது தலையைப் பாருங்கள். தலை உடலோடு இறுக்கமாக ஒட்டி இருக்க வேண்டும். தலையும் கழுத்தும் கறுத்திருந்தால் பிடித்து நேரமாகிவிட்டது என்று அர்த்தம். கணவாய் என்றால் மேல்தோலில் புள்ளிகள் பளிச்சென்று இருக்க வேண்டும், உள்சதை வெள்ளையாக இருக்க வேண்டும். சதைக்குள் இளஞ்சிவப்பு ஊறியிருந்தால் அது பழசு. அமோனியா நெடி அடித்தால் விலை கேட்காமலே நகர்ந்துவிடுங்கள்.

இறால் தலையையும் ஓட்டையும் என்ன செய்வது?

எறியாதீர்கள். இந்தச் சாப்பாட்டின் ருசியில் பாதி அதில்தான் இருக்கிறது.

தலையையும் ஓட்டையும் ஒருமுறை கழுவி நன்றாக வடிய விடுங்கள். ஈரம் இருந்தால் வதங்காமல் அவியும். தாச்சியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயும் சிறு துண்டு பட்டரும் விட்டு, சூடு ஏறியதும் ஓடுகளைக் கொட்டுங்கள். முதலில் சளசளவென்று தண்ணீர்ச் சத்தம் கேட்கும். அந்தத் தண்ணீர் வற்றியதும் சத்தம் மாறி, பொரிகிற சத்தம் வரும். அங்கேதான் வேலை தொடங்குகிறது. அகப்பையின் அடியால் தலைகளை ஒவ்வொன்றாக அமத்தி நசியுங்கள். உள்ளே இருக்கும் கொழுப்பு வெளியே வந்து, பட்டர் முழுக்கச் செம்மஞ்சளாகிவிடும். இறாலைச் சிவக்க வைக்கும் நிறப்பொருள் பச்சையாக இருக்கும்போது புரதத்தோடு கட்டுண்டு கிடக்கிறது. சூடு பட்டதும் அது விடுபட்டு எண்ணெயில் கரைகிறது. தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. அதனால்தான் ஓட்டைச் சும்மா தண்ணீரில் அவித்தால் இந்த நிறமும் மணமும் வருவதில்லை.

6 அல்லது 7 நிமிடம் வதங்கி, ஓட்டின் ஓரம் இலேசாகப் பொன்னிறமானதும், வெங்காயத்தின் வெளி இதழ்கள், நசித்த உள்ளி 2 பல், சில மிளகு, 800 மில்லிலீற்றர் தண்ணீர் சேர்த்து 20 நிமிடம் மெல்லிய நெருப்பில் விடுங்கள். அதற்கு மேல் விட்டால் கசப்பு எட்டிப்பார்க்கும். வடித்து, வடியில் கிடப்பதைக் கரண்டியால் அமத்திக் கடைசிச் சொட்டு வரை எடுங்கள். உப்பு இப்போது போடாதீர்கள். இந்தச் சாற்றில்தான் அடுத்ததாகக் கணவாய் வேகப்போகிறது.

கணவாய் ஏன் ரப்பர் மாதிரி ஆகிறது?

கணவாயை ஒன்றில் ஒரு நிமிடம் சமைக்க வேண்டும், இல்லையென்றால் 40 நிமிடம் சமைக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் இறுகிப்போய்த்தான் இருக்கும். சூடு பட்டவுடன் தசைநார் சுருங்கி இறுகும். மெல்லிய நெருப்பில் நேரம் போகப் போக, அதைக் கட்டியிருக்கும் இணைப்புத் திசு இளகி மீண்டும் மெதுவாகும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அவணில் இந்த ட்ரே 20 நிமிடம் இருக்கும். பச்சைக் கணவாயைப் போட்டாலும், இலேசாக வதக்கிப் போட்டாலும், சரியாக அந்த மோசமான நடு நேரத்தில்தான் போய் விழும். அதனால் பேக் பண்ணும் சாப்பாட்டுக்கு ஒரே வழி, முதலிலேயே முழுதாக அவித்து மெதுவாக்கிவிடுவது. அதன் பிறகு அவணில் எவ்வளவு நேரம் இருந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.

துப்புரவு செய்ய: ஒரு கையால் உடலையும் மறு கையால் தலையையும் பிடித்து மெதுவாக இழுத்தால் குடலோடு தலை வந்துவிடும். மைப்பை உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உடலுக்குள் விரலை விட்டால் கண்ணாடி போன்ற ஒரு நீளத் தண்டு தட்டுப்படும், அதையும் உருவுங்கள். தோலை உரித்து, கண்ணுக்குக் கீழே வெட்டிக் கைகளை எடுத்துக்கொண்டு, நடுவில் இருக்கும் கடினமான வாயை அமத்தித் தள்ளிவிடுங்கள். ஒரு விரல் அகல வளையங்களாக வெட்டுங்கள். வெந்தால் பாதியாகச் சுருங்கும், அதனால் மெல்லிசாக வெட்ட வேண்டாம்.

இறால் ஓட்டுச் சாற்றில் போட்டு, மூடி, மிக மெல்லிய நெருப்பில் 40 நிமிடம். சிறு கணவாய் 30 நிமிடத்திலேயே பதமாகலாம். முள்ளுக்கரண்டியால் குத்தினால் தடையில்லாமல் இறங்க வேண்டும். அவசரம் என்றால் பிரஷர் குக்கரில் 10 நிமிடம் விடுங்கள். கணவாயை எடுத்த பிறகு மிஞ்சும் சாற்றை அளந்து பாருங்கள். 350 மில்லிலீற்றருக்கு மேல் இருந்தால் திறந்து வைத்து வற்றவிடுங்கள். அதில் விரலை வைத்து நக்கிப் பார்த்தால் நான் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று தெரியும்.

இறாலும் மீனும் எந்த அளவுக்கு வேக வேண்டும்?

அரை வேக்காடு. மிச்சத்தை அவண் பார்த்துக்கொள்ளும்.

உரித்த இறாலின் முதுகைக் கீறி நரம்பை எடுத்து, துணியால் ஒற்றி, உப்பும் மிளகும் பிசறுங்கள். நன்கு சூடான தாச்சியில் ஒரு பக்கம் அரை நிமிடம், மறு பக்கம் அரை நிமிடம். வெளியே சிவந்து, நடுவில் இன்னும் கண்ணாடி நிறம் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். ஒரே தடவையில் முழுவதையும் கொட்டினால் தாச்சி குளிர்ந்து தண்ணீர் விடும், அதனால் இரண்டு தடவையாகப் போடுங்கள். மீனைப் பெரிய துண்டாக, தீப்பெட்டி அளவுக்கு வெட்டுங்கள். இதே போல் ஒரு நிமிடம் காட்டினால் போதும். சிறிதாக வெட்டினால் கிளறும்போது உதிர்ந்து சோஸோடு கரைந்துவிடும்.

தாச்சியில் ஒட்டியிருப்பதை ஒரு கரண்டி சாறு விட்டுச் சுரண்டி எடுத்து, அதையும் சோஸுக்கே ஊற்றுங்கள்.

எந்தப் பாஸ்தா? எவ்வளவு நேரம் அவிப்பது?

குழாய் அல்லது சங்கு வடிவம் எதுவானாலும் சரி. பென்னே, வளைந்த மக்கரோனி, சிப்பி வடிவம் எல்லாம் சோஸை உள்ளே பிடித்து வைத்திருக்கும். ஸ்பகெட்டி வேண்டாம், பரிமாறும்போது எல்லாம் ஒன்றாக இழுபடும்.

பக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தில் 3 நிமிடம் குறைத்து இறக்குங்கள். கடித்தால் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு தெரிய வேண்டும். மென்கோதுமையில் செய்த மலிவு மக்கரோனி சீக்கிரம் குழையும், அதை இன்னும் முன்னதாகவே இறக்க வேண்டும். மூன்றரை லீற்றர் தண்ணீருக்கு 4 தேக்கரண்டி உப்பு போதும், சீஸிலும் கடலுணவிலும் உப்பு இருக்கிறது. வடித்த பிறகு பச்சைத் தண்ணீரில் அலசும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. இதற்கு அப்படிச் செய்யாதீர்கள், மேலே ஒட்டியிருக்கும் மாச்சத்துத்தான் சோஸைப் பிடிக்கிறது.

வெள்ளைச் சோஸ் கட்டி கட்டியாகிறதே?

பட்டர் உருகி நுரை அடங்கியதும் மாவைப் போட்டு, மெல்லிய நெருப்பில் 2 நிமிடம் கிளறுங்கள். பச்சை மா மணம் போய் பிஸ்கட் மணம் வர வேண்டும், நிறம் மாறக்கூடாது. பிறகு ஓட்டுச் சாற்றை ஒரு கரண்டி ஊற்றி, முட்டை அடிக்கும் கம்பியால் வேகமாக அடியுங்கள். பசை போல் திரளும். அது வழுவழுப்பான பிறகுதான் அடுத்த கரண்டி. சாறு முடிந்ததும் பாலை இதே போல் கொஞ்சம் கொஞ்சமாக. முழுவதையும் ஒரேயடியாகக் கொட்டினால் மாவின் வெளிப்புறம் வீங்கி ஒட்டிக்கொண்டு, உள்ளே காய்ந்த மா அப்படியே சிக்கிக்கொள்ளும். கட்டி என்பது அதுதான். வந்துவிட்டால் பதற வேண்டாம், வடித்துவிட்டால் போதும்.

கொதி வந்ததும் 3 நிமிடம் மெல்லக் கொதிக்கவிடுங்கள். பேக் பண்ணும் சோஸ் நீங்கள் நினைப்பதைவிட இளக்கமாக இருக்க வேண்டும். கரண்டியின் பின்பக்கத்தில் மெல்லப் படிந்து வழிய வேண்டும், ஏனென்றால் அரை வேக்காட்டுப் பாஸ்தா அவணுக்குள் இருந்தபடி அதை உறிஞ்சும். அடுப்பிலேயே கெட்டியாக்கிவிட்டால் ட்ரேயில் இருந்து கத்தி வைத்து வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

மாவுக்கு விசேஷம் ஒன்றும் தேவையில்லை. நாடு முழுக்கப் போகும் பிரீமா மா நம் சீனக்குடா ஆலையில்தான் அரைபடுகிறது. ரொட்டிக்கு வாங்குகிற அதே மா இதற்கும் போதும்.

பால்மா பாவிக்கலாமா? தேங்காய்ப்பால்?

பால்மா தாராளமாகப் பாவிக்கலாம். 600 மில்லிலீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீருக்கு முழு ஆடைப் பால்மா 80 கிராம். முன்கூட்டியே கரைத்து வடித்துவிடுங்கள். தேநீருக்குக் கரைப்பது போல் கொதி தண்ணீரில் கரைத்தால் சிறு சிறு கட்டிகள் நிற்கும்.

தேங்காய்ப்பாலில் செய்தால் அது வேறு சாப்பாடாகிவிடும், ஆனால் நல்ல சாப்பாடு. பாலில் பாதியைக் குறைத்து அந்த இடத்தில் முதற்பால் ஊற்றுங்கள். மா சேர்ந்திருப்பதால் சுலபமாகத் திரையாது, இருந்தாலும் பொங்கக் கொதிக்க விட வேண்டாம். கறிவேப்பிலை ஒரு நெட்டு, துளி மஞ்சள், கடைசியில் தேசிக்காய்ப் புளி விட்டால் சொதியின் பக்கம் சாயும். அப்படிச் செய்கிற நாளில் சீஸை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துவிடுங்கள், இரண்டும் ஒன்றையொன்று மறைக்கும்.

எந்தச் சீஸ்?

சோஸுக்குள் 100 கிராம் செடார், மேலே 50 கிராம் மொசரெல்லா. அடுப்பை அணைத்துவிட்டுத்தான் சீஸைச் சேர்க்க வேண்டும். கொதிக்கும் சோஸில் போட்டால் எண்ணெய் பிரிந்து மிதக்கும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் பதப்படுத்திய சீஸ் கட்டியும் சோஸுக்கு நன்றாகவே உதவும். அதில் சேர்க்கப்பட்டிருக்கும் உப்புகளால் எண்ணெய் பிரியாமல் வழுவழுப்பாக உருகும். மேலே போட மட்டும் அது சரியில்லை, இழுபடாது, அழகாகச் சிவக்காது.

இத்தாலியில் கடலுணவுப் பாஸ்தாவுக்குச் சீஸ் போடுவதைப் பலர் விரும்புவதில்லை. கடலின் மென்மையான ருசியைச் சீஸ் அமுக்கிவிடும் என்பது அவர்கள் காரணம். அதில் உண்மை இருக்கிறது. அதனால்தான் 150 கிராமுக்கு மேல் போக வேண்டாம் என்கிறேன்.

உறைப்பாக வேண்டும். கறித்தூள் போடலாமா?

வறுத்த கறித்தூள் போட வேண்டாம். அதன் மல்லி, சீரக மணம் ஓட்டுச் சாற்றை முழுதாக விழுங்கிவிடும். உறைப்புக்குப் பச்சை மிளகாயும் மிளகும் போதும். இன்னும் வேண்டும் என்றால் செத்தல் மிளகாயை ஒன்றிரண்டாக இடித்து, வெங்காயம் உள்ளியோடு பட்டரில் வதக்கிச் சேருங்கள். பிள்ளைகளும் சாப்பிடுவார்கள் என்றால் ட்ரேயின் ஒரு பாதியில் மட்டும் இடித்த செத்தலை மேலே தூவலாம்.

ட்ரேயின் அடியில் தண்ணீர் நிற்கிறது, ஏன்?

மூன்று இடத்தைப் பாருங்கள். ஐஸில் இருந்த இறாலை நன்றாக வடியவிடாமல் போட்டிருப்பீர்கள். அல்லது பச்சையாகவே சோஸில் கலந்திருப்பீர்கள், அப்போது அதன் நீர் முழுக்க ட்ரேக்குள்தான் இறங்கும். அல்லது தக்காளிப்பழம், காளான், கீரை போன்ற நீர் விடும் மரக்கறியை வதக்காமல் சேர்த்திருப்பீர்கள். பீன்ஸும் கரட்டும் அவ்வளவு தொல்லை தராது. எடுத்தவுடன் பரிமாறுவதும் ஒரு காரணம். 10 நிமிடம் வெளியே வைத்தால் சோஸ் தானாக இறுகும்.

அவண் சூடு, நேரம்?

200 பாகை செல்சியஸ். கால் மணி நேரம் முன்கூட்டியே சூடாக்கிய அவணில், மூடாமல், 18 முதல் 20 நிமிடம். எல்லாவற்றையும் சூடாகக் கலந்து உடனே உள்ளே வைத்தால் இந்த நேரம் சரி. மிச்ச வெங்காயம், உள்ளி, பச்சை மிளகாயை நறுக்கி வதக்கி, பாஸ்தாவோடும் சோஸோடும் கலந்து, அடுப்பை அணைத்த பிறகு பாதித் தேசிக்காய் பிழிந்து, கணவாய், இறால், மீன் என்ற வரிசையில் மெதுவாகப் பிரட்டி ட்ரேயில் ஊற்றுங்கள். இறால் துண்டு எதுவும் மேலே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, காய்ந்துவிடும். மேலே மொசரெல்லா, அதன் மேல் பட்டரில் பிசறிய பாண் தூள்.

ஓரங்களில் சோஸ் கொப்புளமாகப் பொங்கி, நடுவிலும் ஒன்றிரண்டு கொப்புளம் தெரிந்தால் ஆயிற்று. நிறம் போதாவிட்டால் மேல் கம்பியை மட்டும் போட்டு 2 நிமிடம் பக்கத்திலேயே நில்லுங்கள். சிறிய மேசை அவண்களில் குமிழ் காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றல்ல. தொங்கவிடும் வெப்பமானி ஒன்று வாங்கி வைப்பது நல்லது. கண்ணாடி ட்ரே பாவிப்பவர்கள் பிரிட்ஜில் இருந்து எடுத்து நேரே சூடான அவணில் வைக்காதீர்கள், வெடித்துவிடும்.

அவண் இல்லை. காஸ் அடுப்பில் முடியுமா?

முடியும். அடி கனமான பெரிய அலுமினியச் சட்டியில் கழுவிக் காயவைத்த ஆற்று மணலை இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பி, நடுவில் ஒரு வளையம் அல்லது சிறு கம்பி முக்காலி வையுங்கள். மூடி, நடுத்தர நெருப்பில் 15 நிமிடம் காயட்டும். பிறகு சட்டிக்குள் அடங்கும் வட்டத் தட்டில் பாஸ்தாவை வைத்து, மூடியைத் துணியால் சுற்றி நீராவி சொட்டாமல் கட்டி, நெருப்பைக் குறைத்து 30 நிமிடம். துணியின் நுனி கீழே தொங்கி நெருப்பில் படாமல் மேலே முடிந்துவிடுங்கள். ஒட்டாத பூச்சுப் பூசிய சட்டியை இதற்கு எடுக்க வேண்டாம், வெறுமனே காய்வது அதற்கு ஆகாது.

இப்படிச் செய்தால் மேற்பக்கம் சிவக்காது. இரண்டு வழி இருக்கிறது. பாண் தூளைப் பட்டரில் தனியாகப் பொன்னிறமாக வறுத்து, இறக்கிய பின் தூவலாம். இதுதான் சுலபம், மொறுமொறுப்பும் கூட. முற்றத்தில் செய்ய இடம் இருந்தால், துணி கட்டாமல் தட்டையான உலோக மூடியைப் போட்டு, அதன் மேல் கனன்ற சிரட்டைக்கரியைக் கடைசி 10 நிமிடம் பரப்புங்கள். மேலேயும் கீழேயும் நெருப்பு வைத்துச் சுடும் பழைய முறைதான். அதில் வரும் நிறத்துக்கும் மணத்துக்கும் மின்சார அவண் ஈடாகாது.

தெரிந்த பேக்கரி பக்கத்தில் இருந்தால் கேட்டுப் பார்க்கலாம். பாண் எடுத்து முடிந்த பிறகும் போரணையில் நெடுநேரம் சூடு நிற்கும். உலோக ட்ரேயில் கொண்டுபோங்கள். நேரத்தை முதலே பேசி வைத்து, வீட்டில் இருந்து சூடாக எடுத்துப் போய் உடனே உள்ளே வைக்க வேண்டும். கடலுணவு ட்ரே ஒரு மூலையில் காத்துக்கிடக்கக் கூடாது.

நண்டு, மட்டி, சிங்கி இறால் சேர்க்கலாமா?

நண்டு சேர்த்தால் ஓட்டோடு வேண்டாம். அவித்து, சதையை உதிர்த்து, கடைசியில் சேருங்கள். ஓட்டை இறால் ஓட்டோடு போட்டுச் சாறு எடுங்கள். மட்டியை உப்புத் தண்ணீரில் இரண்டு மணி நேரம் ஊறவைத்தால் மண்ணைத் துப்பும். மூடி ஆவியில் வைத்து, வாய் திறந்ததை மட்டும் எடுங்கள். திறக்காததை எறியுங்கள். மட்டித் தண்ணீர் உப்பானது, சோஸில் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

சிங்கி இறாலை இதில் போடுவது எனக்குச் சம்மதமில்லை. அவ்வளவு விலை கொடுத்ததைப் பட்டரும் உள்ளியும் மட்டும் போட்டுச் சுட்டுச் சாப்பிடலாம். வாங்குவதானால் வயிற்றில் முட்டையோடு இருப்பதை வாங்காதீர்கள். அதைப் பிடிப்பதும் விற்பதும் சட்டப்படி தடை.

கடல் கொந்தளிக்கும் மாதங்களில் என்ன செய்வது?

கார்த்திகை முதல் தை வரை வாடைக்காற்றும் மழையும் வந்தால் பல நாள் வள்ளம் இறங்காது. உறைய வைத்த இறால் பாவிக்கலாம். முதல் நாள் இரவே வடியின் மேல் வைத்து பிரிட்ஜில் இளகவிடுங்கள். ஓடு இல்லாததால் சாறு மெல்லியதாக இருக்கும். நல்ல காலத்தில் சேர்த்த இறால் தலைகளை உறைய வைத்திருந்தால் இப்போது கைகொடுக்கும், 2 மாதம் தாங்கும்.

ரின் மீனிலும் செய்யலாம். 425 கிராம் ரின் ஒன்றை வடித்து, நடு முள்ளை எடுத்து, பெரிய துண்டாகப் பிரித்து, வதக்கிய வெங்காயம், மிளகு, தேசிக்காய்ப் புளியோடு சேருங்கள். ரின் தண்ணீரைச் சோஸுக்கு ஊற்ற வேண்டாம், கனத்த வாடை வரும். பிள்ளைகளின் பாடசாலை நாள் இரவுச் சாப்பாட்டுக்கு இது நல்லது.

வைன் இல்லாமல் சரிவருமா?

சரிவரும். வைன் கொடுப்பது புளிப்பு. அதைத் தேசிக்காய் கொடுக்கிறது, ஆழத்தை ஓட்டுச் சாறு கொடுக்கிறது. எல்லோரும் வந்து சாப்பிடும் ஊரில், எல்லோருக்கும் பரிமாறக்கூடியதாகச் செய்வதே நல்லது. தேசிக்காய்ப் புளியை மட்டும் பால் கொதிக்கும்போது விடாதீர்கள்.

ஒருவருக்கு இறால் ஒத்துக்கொள்ளாது. எடுத்து ஒதுக்கிவிட்டுக் கொடுக்கலாமா?

கொடுக்கவே கூடாது. ஒவ்வாமையைத் தூண்டும் புரதம் சூட்டில் அழியாது. சாறு ட்ரே முழுக்கப் பரவியிருக்கும். இறால் ஒவ்வாதவருக்குப் பெரும்பாலும் நண்டும் சிங்கி இறாலும் ஒவ்வாது, சிலருக்குக் கணவாயும் மட்டியும்கூட. அவர்களுக்கு வேறு தாச்சி, வேறு கரண்டி கொண்டு, கோழியோ மரக்கறியோ போட்டுத் தனி ட்ரே. விருந்தாளிகளிடம் வாசலிலேயே கேட்டுவிடுங்கள்.

காலையில் செய்து வைத்து இரவு பேக் பண்ணலாமா? மிஞ்சினால்?

பகுதி பகுதியாகச் செய்து வைக்கலாம். முதல் நாளே ஓட்டுச் சாறு எடுத்து, கணவாயையும் அவித்து பிரிட்ஜில் வையுங்கள். சோஸும் செய்து, மேலே ஏடு படியாமல் பிளாஸ்ரிக் தாளை ஒட்டினாற்போல் மூடி வைக்கலாம். பாஸ்தாவும் இறாலும் மீனும் அன்றைக்குத்தான். சோஸைச் சூடாக்கும்போது அரைக் கோப்பை பால் சேர்த்து இளக்குங்கள்.

முழுதாகக் கலந்து பிரிட்ஜில் வைக்கத்தான் வேண்டும் என்றால், சோஸ் ஆறிய பிறகே இறாலையும் மீனையும் கலந்து உடனே உள்ளே வைத்து, அன்றைக்கே பேக் பண்ணிவிடுங்கள். சூடான சோஸில் அரை வேக்காட்டு இறாலைப் போட்டு மேசையில் விடுவதுதான் ஆபத்து. பேக் பண்ணும்போது அலுமினியத் தாளால் மூடி 180 பாகையில் 25 நிமிடம், திறந்து இன்னும் 15 நிமிடம்.

மிஞ்சியதை நம் ஊர் வெக்கையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். வைகாசி, ஆனியில் குசினிக்குள்ளேயே 35 பாகை இருக்கும். ஆழமான பாத்திரத்தில் அப்படியே வைத்தால் நடு ஆற நேரமெடுக்கும், அதனால் தட்டையான டப்பாக்களில் பிரித்து பிரிட்ஜில் வையுங்கள். 2 நாள் வரை சரி. சாப்பிடும் அளவை மட்டும் எடுத்து, ஒரு மேசைக்கரண்டி பால் தெளித்து, மூடி, நடுவில் ஆவி பறக்கும் வரை சூடாக்குங்கள். ஒருமுறை சூடாக்கியதைத் திரும்ப வைக்க வேண்டாம். மின்சாரம் நெடுநேரம் நின்ற நாள் என்றால் மணத்தைப் பார்த்து முடிவெடுக்காமல் கொட்டிவிடுங்கள். கெட்ட கடலுணவு எல்லா நேரமும் மணக்காது.